திருப்பிச் சொன்ன குரல்

பேய்க் கதை சொல்கிறவர்கள் எல்லோருமே "இது உண்மையாக நடந்தது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே புளித்துவிட்டது. அதனால் நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போவதில்லை. ரமா இதே பெங்களூரில்தான் இருக்கிறாள். சிவில் இன்ஜினியர். ராகுகாலம்கூடப் பார்க்காதவள். லிங்கராஜபுரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததை அவள் வாயாலேயே கேட்டேன். சொல்லி முடிக்கிறவரை கையிலிருந்த காபியை அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஆமாம், மத்தியானம்தான். நடுராத்திரியும் இல்லை, அமாவாசையும் இல்லை. வெளியே பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்த நேரம்.

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சோதனைக்கூடம். கட்டடங்களின் கான்கிரீட் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர்கள் தொழில். முதலாளி பெயர் மஞ்சுநாத். ரமாவும் அசோகனும் அங்கே ஜோடியாக வேலை பார்த்தார்கள். தூணைச் சோதிக்க ஒரு கருவி உண்டு. சுத்தியல் என்று பேர், பார்வைக்குத் தடித்த டார்ச் லைட். தூணின் மேற்பரப்பை முதலில் கல்லால் தேய்க்க வேண்டும். சாக்பீஸால் கட்டம் போட வேண்டும். பிறகு கருவியை வைத்து அழுத்தினால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டு 'டக்' என்று அடிக்கும், ஓர் எண்ணைக் காட்டும். எண் பெரிதாக இருந்தால் தூண் கெட்டி. சின்னதாக இருந்தால் ஆபத்து.

அடிப்பவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கூட இருப்பவர் அதே எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். தப்பு நுழையக் கூடாது என்பதற்காக அவர்கள் வைத்திருந்த பழக்கம் இது. அசோகன் அதையும் தமிழில்தான் செய்வார்.

"இந்த லாரி சத்தத்துல ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியான்னு குழம்பிடும் மேடம். பதினஞ்சு, அம்பதுன்னு சொல்லுங்க. தகராறே இல்ல."

இந்த அசோகன்தான் லிங்கராஜபுரத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்தை முதலில் சோதித்தவர். ரமா அப்போது லீவில் இருந்தாள். ஒரு டிரஸ்டுக்காக எழும்பிய மூன்று மாடிக் கட்டடம். தரைத்தளத் தூண்களில் சிமென்டைவிட மண்தான் அதிகம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ரகசியமாகச் சொல்லிவிட்டு ஒதுங்குகிற ஆளில்லை அவர். கான்ட்ராக்டர், டிரஸ்டுக்காரர்கள், மஞ்சுநாத் எல்லோரும் உட்கார்ந்திருந்த அறையில் எழுந்து நின்று சொன்னார்.

"சார், இதுல குழந்தைங்கள உக்கார வெக்காதீங்க. உழுந்துரும்."

முதலில் சிரித்தார்கள். பிறகு தோளில் கை போட்டார்கள். பிறகு மிரட்டினார்கள். அசோகன் அசையவில்லை. யார் கேட்டாலும் அதே வார்த்தையைச் சொன்னார். ஒருநாள் காலை வேலைக்கு வரும் வழியில் அவருடைய ஸ்கூட்டரை ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போனது. லாரிக்கு நம்பர் பிளேட் இல்லை. எந்நேரமும் ஜனம் நிற்கிற ரோடு அது. அன்றைக்கு மட்டும் அத்தனை பேருக்கும் கண் தெரியாமல் போய்விட்டது. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை. மஞ்சுநாத் ரமாவைக் கூப்பிட்டார்.

"மேடம், திங்கட்கிழமை ஸ்கூல் திறப்பு விழா. நீங்க போய் இன்னொரு தடவ தட்டிட்டு, சரியா இருக்குன்னு சொல்லிடுங்க. அசோகன் கொஞ்சம் ஓவரா போயிட்டாரு. ஊர்ல பாதி பில்டிங் இப்படித்தான் நிக்குது, பித்தோகுத்தா? விழுந்துடுதா?"

துணைக்கு ஆள் வேண்டும் என்றாள் ரமா. எதற்கு, நீங்கள் ஒருவரே போதும் என்றார். இன்னொரு காது அங்கே இருக்கக் கூடாது என்பது அவளுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போனாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வேலையாட்கள் யாருமில்லை. கேட்டில் கான்ட்ராக்டரின் ஆள் தினேஷ் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கக்கூட இல்லை.

"சும்மா நாலு தட்டு தட்டிட்டு வாங்க மேடம்."

"நீ உள்ளே வரலையா?"

"நான் எதுக்கு?" என்றவன், போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உங்க பையன் அஷ்வத் ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஸ்கேட்டிங் கத்துக்கறான் போல. சாயங்காலம் தனியாத்தான் நடந்து வர்றான். சின்ன பையன், பத்திரம்."

அவ்வளவுதான் சொன்னான். அவள் உள்ளே நுழைந்ததும் கேட்டைச் சாத்தி வெளியே பூட்டுகிற சத்தம் கேட்டது.

ரமா வீரவசனத்தோடு உள்ளே போகவில்லை. இதை அவளே என்னிடம் சொன்னாள். 'சரியாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்ற முடிவோடுதான் போனாள். இப்படி முடிவெடுக்காத அம்மா யார்?

உள்ளே பெயின்ட் வாசனை. மின்சாரம் இன்னும் வரவில்லை. பிளாஸ்டிக் சுற்றிய குட்டி பெஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன. கை கழுவும் தொட்டிகள் அவள் முழங்கால் உயரத்துக்கு இருந்தன. அவற்றைப் பார்க்காமல் நடந்தாள்.

முதல் தூணைத் தொட்டதுமே தில்லுமுல்லு தெரிந்துவிட்டது. தூண்களின் மேல் புதிதாக ஒரு பூச்சுப் பூசியிருந்தார்கள். கல் போல இறுகும் விசேஷக் கலவை. சுத்தியல் தோலைத்தான் தட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும். எந்த இன்ஜினியருக்கும் இது தெரியும்.

அவள் செதுக்கவில்லை. பூச்சின் மேலேயே கருவியை வைத்து அழுத்தினாள்.

டக்.

"முப்பத்தெட்டு" என்றாள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பழக்க தோஷம். திருப்பிச் சொல்ல ஆளில்லை என்பது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. எண்ணைத் தானே எழுதிக்கொண்டு அடுத்த தூணுக்குப் போனாள்.

அதில் ஏற்கெனவே கட்டம் போட்டிருந்தது.

புது சாக்பீஸ். கோடுகளிலிருந்து வெள்ளைத் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. கட்டம் வலது பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருந்தது. அசோகன் போடுகிற கட்டம் அப்படித்தான் சரியும். எத்தனை தடவை கேலி செய்திருப்பாள்!

தினேஷின் விளையாட்டோ என்று திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் வழியாகக் கேட் தெரிந்தது. அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

அப்போது அது கேட்டது.

சர்ர்... சர்ர்... சர்ர்...

கல்லால் தூணைத் தேய்க்கிற சத்தம். ஹாலின் அந்தக் கோடியிலிருந்து வந்தது.

"யாரது?"

நின்றது.

எலியாக இருக்கும், காற்றாக இருக்கும் என்று என்னென்னவோ சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டாள். சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும். சரிந்த கட்டத்தின் மேல் கருவியை வைத்தாள்.

டக்.

"முப்பத்தாறு."

தூணுக்குப் பின்னாலிருந்து, ஒரு கை தூரத்தில், குரல் வந்தது.

"...பதினாலு."

தெரிந்த குரல். வெற்றிலைபாக்கு வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். ஆனால் அந்தக் குரலில் எப்போதும் இருக்கிற மரியாதை இல்லை. அடித்தொண்டையிலிருந்து வந்தது. வெறுப்பு இருந்தது.

தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தாள்.

யாருமில்லை. தரையில் சாக்பீஸ் தூள் மட்டும் கிடந்தது.

அதே நேரம் போன் அடித்தது. கிட்டத்தட்ட அலறிவிட்டாள். மஞ்சுநாத்.

"ஆயித்தா மேடம்? முடிஞ்சுதா?"

"ஆ... ஆச்சு சார்."

"நம்பர் எப்படி?"

பொய் சொல்ல வேண்டிய இடம் இதுதான். கண்ணை மூடிக்கொண்டாள். அஷ்வத்தை நினைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு சார். முப்பத்தெட்டு..."

"பதினாலு" என்றது குரல்.

"முப்பத்தாறு..."

"பதினாலு."

"எல்லாமே முப்பதுக்கு மேலதான் சார்..."

"பதினாலு! பதினாலு!"

காதோரத்தில் ஈரக் காற்று பட்டது. பிறகு மஞ்சுநாத் பேசினார். குரல் மாறியிருந்தது.

"மேடம்... யாரு அங்க? எத்தன பேர உள்ள கூட்டிட்டுப் போனீங்க?"

"யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. போன் துண்டித்துக்கொண்டது.

ரமா வாசலை நோக்கி ஓடினாள்.

டக்.

அவளுக்கு முன்னால் இருந்த தூணில் அடி விழுந்தது.

டக். அதற்கு அடுத்த தூண்.

டக். டக். டக்.

அவள் ஓடுகிற பக்கமெல்லாம் அது முந்திக்கொண்டு போய் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் தூணிலிருந்து வெள்ளைத் தூள் பறந்தது. வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. போக முடியவில்லை.

நின்றாள்.

அடியும் நின்றது.

இப்போது தேய்க்கிற சத்தம் ஆரம்பித்தது. சர்ர்... சர்ர்... அது எங்கிருந்து வருகிறது என்று புரிந்ததும் அவளுக்கு ரோமம் சிலிர்த்தது. ஹாலின் நடுத்தூணிலிருந்து வந்தது.

தூணின் வெளியே இல்லை.

உள்ளே.

உள்ளேயிருந்து யாரோ பூச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியும் அசோகன்!" என்று கத்தினாள் ரமா. "தெரியும்! இது நிக்காதுன்னு தெரியும்! என் பிள்ளைய என்ன பண்ணுவாங்களோன்னு பயமா இருக்கு!"

சத்தம் நிற்கவில்லை. இரக்கப்படவும் இல்லை. இன்னும் வேகமாகத் தேய்த்தது.

அவள் கண்ணில் அந்தக் குட்டித் தொட்டிகள் பட்டன.

என்ன நினைத்தாள் என்று கேட்டேன். ஒன்றும் நினைக்கவில்லை என்றாள். பையில் கையை விட்டு உளியையும் சின்னச் சுத்தியையும் எடுத்தாள். நேராக நடுத்தூணிடம் போனாள். பயத்தில் அழுதுகொண்டே பூச்சைக் கொத்தினாள். கை தவறி விரலில் அடிபட்டது. ரத்தம் வந்தது. விடவில்லை. பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கான்கிரீட் வெளிறிப் போய், நகத்தால் சுரண்டினாலே உதிர்கிற மாதிரி இருந்தது.

கருவியை வைத்தாள். அழுத்தினாள்.

டக்.

எண்ணைப் பார்த்தாள்.

"பதினாலு" என்றாள்.

தேய்க்கிற சத்தம் நின்றது.

மழையின் முதல் சொட்டுகள் ஜன்னலில் விழுந்தன. அவள் காத்திருந்தாள்.

"...பதினாலு."

இந்தத் தடவை மெதுவாக வந்தது. கோபம் இல்லை. எழுதிக்கொண்டே சொல்கிற மாதிரி, வேலை நேரத்தில் அவர் எப்போதும் சொல்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

ரமா கேட்டுக்கு வந்து தட்டினாள். தினேஷ் திறந்தான். வழியை மறித்துக்கொண்டு நின்றான். அவள் விரலில் ரத்தத்தையும் புடவையில் தூளையும் பார்த்தான்.

"ஓகேவா மேடம்?"

"இல்ல. ஃபெயில்."

"என்ன?"

"ஃபெயில்னு சொன்னேன். வழி விடு."

அவன் முகம் மாறியது. ஓர் அடி முன்னால் வந்தான். அவன் கை உயர்ந்ததை அவள் பார்த்தாள். கையில் உளியோடு அப்படியே நின்றாள், பின்வாங்கவில்லை. அந்த நேரத்தில் தினேஷின் போன் அடித்தது. பேசியது மஞ்சுநாத். அவர் கத்துவது ரமாவுக்கே கேட்டது. "விட்டுடு! அவங்கள விட்டுடு! நான் வந்துட்டிருக்கேன், போலீசும் வருது!" தினேஷ் வெலவெலத்துப் போய் ஒதுங்கினான்.

மஞ்சுநாத்துக்குத் திடீரென்று என்ன வந்தது என்று ரமாவுக்கு அப்போது புரியவில்லை. கேட்கிற தெம்பும் இல்லை. ஆட்டோ பிடித்து நேராக ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போய் அஷ்வத்தைக் கட்டிக்கொண்டாள்.

பள்ளி திறக்கவில்லை. தூணில் துளை போட்டு எடுத்த துண்டு, அதிகாரிகள் கண்முன்னால் கையிலேயே பொடிந்தது. அதற்காக ஊரே ரமாவைக் கொண்டாடியது என்று நினைக்காதீர்கள். அடையாளம் தெரியாத நம்பர்களிலிருந்து அசிங்கமான போன்கள் வந்தன. காரைக் கீறிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் "உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை" என்றார்கள். அவள் கணவர் ஆராவமுதன் ஒரு வாரம் முகம் கொடுத்தே பேசவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் ஆபீசிலிருந்து சீக்கிரம் கிளம்பி, பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கான்ட்ராக்டர் ஜாமீனில் வெளியே வந்து, ஒரு கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

ரமா ஒருநாள் அசோகன் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி தனக்கோடி புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். கட்டடத்தில் கேட்ட குரலைப் பற்றி ரமா ஒன்றும் சொல்லவில்லை. தனக்கோடியாகத்தான் பேசினாள்.

"எல்லாருந்தான் சொன்னாங்கோ, வாய மூடிக்கினு இருன்னு. நானுந்தான் கால்ல உழாத கொறையா சொன்னேன். அந்தாளு கேக்கல. ராவுல நெனச்சா நெஞ்சு வெடிக்குது மேடம். காலைல அந்தப் பக்கம் புள்ளைங்க பையத் தூக்கிக்கினு போறதப் பாத்தா... கேக்காம இருந்ததே நல்லதுன்னு தோணுது."

விசாரணை நடந்தது. யாரும் எதிர்பாராதது அங்கேதான் நடந்தது. மஞ்சுநாத் சாட்சிக் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னார். கான்ட்ராக்டர் பேசியது, மிரட்டியது, அசோகன் எந்த வழியாக வேலைக்கு வருவார் என்று தன்னிடம் விசாரித்தது, எதையும் மறைக்கவில்லை. லாரி வழக்கை மறுபடி எடுத்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அவரைக் குடைந்தெடுத்தார். மனிதர் அசையவில்லை.

வெளியே வந்ததும் வராந்தாவில் ரமா அவரை நிறுத்தினாள்.

"சார், அன்னைக்கு நீங்களும் போன்ல அசோகன் குரலைக் கேட்டீங்க, இல்லையா? அதனாலதானே?"

மஞ்சுநாத் அவளை வெறித்துப் பார்த்தார்.

"அசோகன் குரலா? அத நான் கேக்கவே இல்ல மேடம்."

"அப்போ..."

"குழந்தைங்க" என்றார். "கூட்டமா குழந்தைங்க. மிஸ் சொல்றத க்ளாஸ்ல திருப்பிச் சொல்லுமே, அந்த மாதிரி. நீங்க ஒவ்வொரு தடவ நம்பர் சொன்னதும் எல்லாம் ஒண்ணா 'பதினாலு'ன்னுச்சு. ஒரே ஒரு குரல் மட்டும் கொஞ்சம் லேட்டா, தனியா வந்துச்சு. என் பொண்ணு ஷ்ரேயா."

ரமா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நேரத்துல அவ என் எதிர்ல உக்காந்து சித்ரான்னா சாப்பிட்டுட்டு இருந்தா. வாய் நிறைய சோறு. அவளுக்குத் தமிழ்ல ஒரு வார்த்த தெரியாது. நான் அவளப் பார்த்துட்டே இருக்கேன், அவ குரல் போன்ல வருது. தட்டு கை நழுவி விழுந்துடுச்சு."

"ஆனா ஷ்ரேயா எதுக்கு சார் அங்க..."

மஞ்சுநாத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எல்கேஜி, கீழ் மாடி, நடுவுல இருக்கற ரூம். திங்கட்கிழமை அவளுக்கு முதல் நாள். நான் 'சரி'ன்னு சொல்றதுக்கு டிரஸ்டுக்காரங்க எனக்குக் குடுத்தது அந்த சீட்டுதான் மேடம்."